கண்ணோரக் கட்டியும் ஐந்தாண்டுக் கணக்கும்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் பேசியது. மலருக்காகக் கொஞ்சம் சீர்செய்து எழுதியிருக்கிறேன். பேச்சு வாடை அங்கங்கே அடித்தால் பொறுத்துக்கொள்ளவும்.)



2010-இல் இங்கே மின்னியல் பி.ஈ. முடித்து வெளியேறியவன் நான். இப்போது கோவையில் ஒரு மோட்டார் பம்ப் தொழிற்சாலையின் ஆயுள் சோதனைக் கூடத்தில் வேலை. "மோட்டார் எத்தனை வருஷம் ஓடும்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் என் சோறு. செயலாளர் அண்ணன் தொலைபேசியில் "மாணவர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேசு" என்றார். கேம்பஸ் நேர்முகம், வெளிநாட்டு வேலை என்று பேச எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் நம் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். கண்ணைச் சுற்றி வரும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். அது வந்தவர்கள் எத்தனை காலம் இருப்பார்கள் என்ற கணக்கு. சம்பந்தம் இருக்கிறது, போகப் போகத் தெரியும். பின்வரிசை நண்பர்கள் மதியச் சாப்பாட்டு வாசனையைக் கொஞ்சம் மறந்து கேட்க வேண்டுகிறேன்.

முதலில் நோய் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு வந்ததால் படித்துத் தெரிந்துகொண்டவன். நம் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை லிம்போசைட். அது கட்டுப்பாடு இல்லாமல் பெருகினால் லிம்போமா. பெரும்பாலும் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறிக்கட்டிகளாக வரும். அபூர்வமாகக் கண்ணைச் சுற்றியும் வரும்: வெள்ளை விழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில், கண்ணீர்ச் சுரப்பியில், இமையில், விழிக்குழியின் சதையில். எல்லா லிம்போமாக்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வகை நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். அறுபது வயதை ஒட்டியவர்களுக்கே அதிகம்.

இதன் கெட்ட குணம், வலிக்காது என்பதுதான். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு இளஞ்சிவப்புத் தழும்பு மாதிரி இருக்கும். மேல்நாட்டுப் புத்தகங்களில் அதற்கு ஒரு மீனின் சதை நிறத்தைச் சொல்கிறார்கள். அந்த மீன் நம் சந்தைக்கு வருவதில்லை. சிவப்புக் கொய்யாவை வெட்டினால் உள்ளே இருக்குமே, அந்த நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழிக்குழியில் வந்தால் ஒரு கண் மெல்ல முன்னால் தள்ளும். இமை கனத்துத் தொங்கும். சிலருக்கு ஒன்று இரண்டாகத் தெரியும். நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு இரண்டு கண்ணிலும் வருவதுண்டு.

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வது நம் பக்கம் சகஜம். அது வேறு. அது மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாக ஏறும். இது இமை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு "சதைதானே, கிடக்கட்டும்" என்று விடுவதுதான் இங்கே நடப்பது.

நம் ஊரில் கண் என்றாலே எல்லோருக்கும் 2024 ஜூன் மாதம்தான் ஞாபகம் வரும். கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அப்போது பிழைத்தும் பார்வையை இழந்தவர்கள் உண்டு. மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். அது மணிக்கணக்கில் முடிகிற காரியம். நான் சொல்லும் நோய் அதற்கு நேர் எதிர். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஊர்ந்து வரும். அதனால்தான் யாரும் பதறுவதில்லை.

எங்கள் பெரியப்பாவும் பதறவில்லை. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவருக்கு ரெண்டரை ஏக்கர் கொல்லை. குச்சிக்கிழங்கு போட்டு சேகோ ஆலைக்கு அனுப்புவார். 2018 மழைக்காலத்தில் இடது கண்ணில் ரத்தச் சிவப்பு. சூடு என்றார்கள், விளக்கெண்ணெய் வைத்தார்கள். பிறகு மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து. பத்து நாளில் நன்றாகக் குறைந்துவிட்டது. நிறுத்தினால் மறுபடி வந்தது. திரும்ப ஊற்றினால் திரும்பக் குறைந்தது. இப்படியே நாலு மாதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது. லிம்போசைட் அணுக்களை ஸ்டீராய்டு கொல்லும். ஆகவே லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கும். பார்ப்பவருக்கு "கேட்கிறது" என்று தோன்றும். அதைவிட மோசம், ஸ்டீராய்டு போட்ட சூட்டில் சதை எடுத்துச் சோதித்தால் முடிவு தெளிவாகக் கிடைக்காமலும் போகலாம். ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறது என்று ரிலேயைக் கட்டிப்போட்டு மோட்டாரை ஓட்டுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா, அந்த ஜாதி வைத்தியம் இது. சீட்டில்லாமல் கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்குவதைத் தயவுசெய்து உங்கள் வீட்டில் நிறுத்துங்கள். லிம்போமா ஒரு பக்கம் இருக்கட்டும், அது கண் அழுத்த நோயையும் புரையையும் கொண்டுவரும்.

2019 பிப்ரவரியில்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. சதை எடுத்தார்கள். பயாப்ஸி முடிவு வந்தது. கூட்டம் அலைமோதும் அறையில் இளம் டாக்டர் ஒருவர் நல்லபடியாகத்தான் சொன்னார்: "ஐயா, இது லிம்போமா. பயப்பட வேண்டாம். ஃபைவ் இயர் சர்வைவல் நல்லா இருக்கு."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார் பெரியப்பா. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அஞ்சு வருசந்தானாமே தம்பி?"

டாக்டர் சொன்னது ஒரு நல்ல செய்தி. அவர் காதில் விழுந்தது ஒரு தீர்ப்பு. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அதற்குள் கைபேசியில் பார்த்துவிட்டு "பாதி பேருதான் பொழைக்கிறாங்களாம்" என்றார். அவர் பார்த்தது வேறொரு வகைக்கான எண். அந்த வாரமே கொல்லைக்கு ஒரு தரகரைக் கூட்டிவந்தார்கள். தங்கச்சிக்கு வைகாசிக்குள் கல்யாணத்தை முடித்துவிடுவது, மீதிப் பணத்தில் வைத்தியம். பெரியம்மா சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

சரி, இந்த ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் என்பது என்ன? நோய் கண்டறிந்த நூறு பேரில் ஐந்து வருஷம் கழித்து எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்பது. அவ்வளவுதான். ஆறாவது வருஷம் அவர்கள் இருக்க மாட்டார்கள் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. எல்.ஈ.டி. பல்பு அட்டையில் 50,000 மணி நேரம் என்று போடுகிறார்கள். கணக்குப் போட்டால் இடைவிடாமல் எரித்தால் ஐந்து வருஷம் எட்டு மாதம். யாரும் அத்தனை நேரம் எரித்துப் பார்த்துவிட்டுக் கடைக்கு அனுப்புவதில்லை. பெரும்பாலும் அந்த எண்ணுக்கு அர்த்தம், அதற்குள் வெளிச்சம் 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்பது. 50,001-ஆவது மணியில் பல்பு அணைந்துவிடும் என்று யாராவது நினைக்கிறோமா? ஐந்து வருஷம் என்பது மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக வைத்துக்கொண்ட மைல்கல்.

இந்தக் கணக்கைப் போடும் முறைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மின்னியல் மாணவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளவும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட் கப்லான் என்ற கணிதக்காரர் இருந்தார். கடலுக்கடியில் போடும் தொலைபேசிக் கம்பியில் வழிநெடுக ஒலிபெருக்கிகள் வைப்பார்கள். அவற்றுக்குள் வெற்றிடக் குழாய்கள். நடுக்கடலில் குழாய் செத்தால் கழற்றி மாற்ற முடியுமா? ஆகவே குழாய்களின் ஆயுளைத் துல்லியமாகக் கணிக்க வேண்டியிருந்தது. அதே சமயம் பால் மையர் என்ற புள்ளியியலாளர் புற்றுநோயாளிகளின் ஆயுளைக் கணிக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். இருவரும் தனித்தனியே எழுதியனுப்பிய கட்டுரைகள் ஒரே மாதிரி இருக்கவே, ஒன்றாகச் சேர்த்து எழுதச் சொன்னார்கள். 1958-இல் அது வெளிவந்தது. இன்றைக்கு உலகத்தின் எந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஆயுள் கணக்குப் போட்டாலும் கப்லான்-மையர் முறைதான். வெற்றிடக் குழாய்க்கும் மனிதனுக்கும் ஒரே சூத்திரம்.

சூத்திரம் கடினமானதல்ல. பத்து மோட்டார்களைச் சோதனைக்கு ஓட விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் ஒன்று எரிந்தது. மீதி ஒன்பது, தப்பித்த விகிதம் பத்தில் ஒன்பது, 0.9. நாலாம் மாதம் ஒன்றை வாடிக்கையாளர் கேட்டார் என்று கழற்றிக் கொடுத்துவிட்டோம். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்ததுதான், ஆனால் இனி நமக்குத் தெரியாது. இப்போது கையில் எட்டு. ஆறாம் மாதம் இன்னொன்று எரிந்தது. எட்டில் ஏழு, 0.875. இரண்டையும் பெருக்கினால் 0.7875, அதாவது ஏறத்தாழ 79 சதவீதம். கழற்றிக் கொடுத்ததை எரிந்ததாகக் கணக்கிட்டிருந்தால் 70 என்று வரும், அது அநியாயம். அதை ஆரம்பத்திலிருந்தே இல்லாததாக நினைத்தால் 78-க்குக் கொஞ்சம் குறைவாக வரும்; நாலு மாதம் அது உழைத்ததை நாம் மறந்தோம் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரிந்தவரை அதன் உழைப்பை எடுத்துக்கொள், அப்புறம் மரியாதையாக விலக்கு என்பதுதான் இந்த முறையின் அழகு.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு கொல்லையில் பம்ப் நின்றுவிட்டது. மோட்டார் எரிந்ததா, போர் வற்றியதா? இரண்டும் ஒன்றல்ல. நம் பக்கத்தில் மோட்டார் எரிந்து நின்ற பம்பைவிடத் தண்ணீர் வற்றி நின்ற பம்புதான் ஜாஸ்தி. மருத்துவத்திலும் அப்படியே. எந்தக் காரணத்தால் இறந்தாலும் எண்ணுவது ஒரு கணக்கு. அந்த நோயால் இறந்தவர்களை மட்டும் எண்ணுவது இன்னொரு கணக்கு. அறுபத்தைந்து வயதுக்காரருக்கு மாரடைப்பும் வரலாம், சர்க்கரையும் இருக்கலாம். கட்டுரையில் எண்ணைப் பார்த்தால் எந்தக் கணக்கு என்று முதலில் பாருங்கள்.

இப்போது கண்ணோர லிம்போமாவின் எண்களுக்கு வருகிறேன். 2019-இல் பல நாட்டுக் கண் புற்றுநோய் மையங்கள் சேர்ந்து, விழிக்குழி லிம்போமா வந்த 797 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். அந்த நோயால் மட்டும் இறப்பதைக் கணக்கிட்டால், பத்து வருஷம் தாண்டியவர்கள்: மார்ஜினல் ஸோன் வகையில் 92 சதவீதம்; ஃபாலிகுலர் வகையில் 71; டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் வகையில் 41; மேண்டில் செல் வகையில் 32. ஒரே கண், ஒரே இடம், ஒரே பெயர். ஆனால் 92-உம் 32-உம்! கண்ணோரத்தில் வருவதில் பாதிக்கு மேல் அந்த முதல் வகை, மெதுவாக வளர்வது. பெரியப்பாவுக்கும் அதுதான். அண்ணன் கைபேசியில் பார்த்தது மூன்றாவது வகை.

ஆகவே "லிம்போமா" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எந்த எண்ணையும் தேடாதீர்கள். எந்த வகை என்று தெரிய, எடுத்த சதையில் இம்யூனோ சாயச் சோதனை செய்ய வேண்டும். அந்தத் தாளில் உள்ள இரண்டு வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிறகு உடம்பில் வேறெங்கும் இருக்கிறதா என்று ஸ்கேன், தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜைச் சோதனை. மெதுவாக வளரும் வகையிலும் வயது எழுபதோ அதற்கு மேலோ, நோய் உடம்பில் பரவியிருப்பது, ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதி கூடியிருப்பது, இந்த மூன்றும் பலனைக் குறைக்கும் என்று 2017-இல் ஓர் அளவுகோலே வகுத்திருக்கிறார்கள்.

விழிக்கு உள்ளேயே, விழித்திரைப் பக்கம் வரும் லிம்போமா முற்றிலும் வேறு. அது மூளை லிம்போமாவோடு உறவுள்ளது. கண்ணுக்குள் புகை மாதிரி தெரியும், பலனும் அவ்வளவு நல்லதல்ல. இரண்டையும் ஒன்றாகப் படித்துவிடக் கூடாது.

அந்த 797 பேரைப் பற்றி இன்னொன்று. அவர்கள் 1980 முதல் 2017 வரை வெவ்வேறு காலத்தில் வைத்தியம் பார்த்தவர்கள். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1997-இல்தான். வேகமாக வளரும் வகைகளின் தலையெழுத்தை மாற்றிய மருந்து அது. ஆகவே அந்த 41-க்குள் மருந்து வருமுன் இறந்தவர்களும் கலந்திருக்கிறார்கள். பழைய வார்னிஷ் போட்ட மோட்டார்களையும் புது இன்சுலேஷன் போட்டவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் புதுசுக்கு அநியாயம் செய்ததாகும் அல்லவா? ஆயுள் எண் எப்போதும் பின்னால் பார்க்கிற கண்ணாடி. 2007-இல் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி இதே மருந்தை ரெடிடக்ஸ் என்ற பெயரில் ஏறக்குறையப் பாதி விலைக்குக் கொண்டுவந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு எட்டியது அதற்கப்புறம்தான். இந்த மருந்து போடுமுன் மஞ்சள் காமாலை பி வைரஸ் இருக்கிறதா என்று கட்டாயம் ரத்தம் பார்க்க வேண்டும்; உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸை அது எழுப்பிவிடும்.

பெரியப்பாவுக்கு மருந்தும் தேவைப்படவில்லை. கண்ணில் மட்டும் இருந்ததால் கதிர்வீச்சு போதும் என்றார்கள். நம் ஜனங்கள் அதைக் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். பெரியப்பா என்னிடம் "நீ கரண்ட்டு படிச்சவன்தானே, எத்தினி வோல்ட்டு வைப்பாங்க?" என்று கேட்டார். கதிர்வீச்சை அளக்கிற அலகு கிரே. அவருக்கு 24 கிரே, 12 தவணையாக. ஒவ்வொரு தவணையும் சில நிமிஷம்தான், வலி கிடையாது. இந்த வகைக்கு அது கண்ணில் உள்ள கட்டியை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அடக்கிவிடுகிறது. பின்விளைவு இல்லாமல் இல்லை. கண் உலரும், சில வருஷத்தில் புரை வரலாம். புரைக்கு அறுவை இருக்கிறது.

இதிலும் இப்போது ஒரு மாற்றம். 24 கிரேவுக்குப் பதில் வெறும் 4 கிரே, இரண்டே நாளில் கொடுத்துப் பார்ப்பது. பிரிட்டனில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, 24-தான் கூடுதலாக அடக்குகிறது என்றது. 4-உம் பலருக்கு வேலை செய்கிறது என்றும் காட்டியது. அமெரிக்காவில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையினர் கண்ணோர லிம்போமா உள்ள 50 பேருக்கு முதலில் 4 கிரே கொடுத்து, போகாவிட்டால் மட்டும் மேற்கொண்டு 20 கொடுப்பது என்று வைத்தார்கள். 2024-இல் முடிவு வந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு ஏறக்குறைய அந்த 4-லேயே கட்டி மறைந்துவிட்டது. மலையிலிருந்து வருகிற கிழவிக்குப் பன்னிரண்டு நாள் எங்கே, இரண்டு நாள் எங்கே! ஆனால் இது நீண்ட காலம் நிற்குமா என்று இன்னும் பார்க்க வேண்டும். நோயாளியைத் தொடர்ந்து பார்க்க முடிந்தால்தான் இந்த வழி செல்லும்.

வேறொரு சுவாரசியமான சங்கதி. 2004-இல் இத்தாலியில், பறவைகளிடமிருந்து தொற்றும் ஒரு கிளமிடியா கிருமி இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பதாகக் கண்டார்கள். மூன்று வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தே சிலருக்குக் கட்டி கரைந்தது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. அமெரிக்காவில் தேடியவர்களுக்குக் கிருமியே அகப்படவில்லை. ஆகவே கோழி வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டாம், மாத்திரையைத் தாங்களே வாங்கி விழுங்கவும் வேண்டாம்.

கொல்லை விற்கப்படவில்லை. அதற்கு நான் அதிகம் செய்யவில்லை. ஒரு தாளில் நூறு புள்ளி வைத்து, எட்டுப் புள்ளியை மட்டும் அடித்து, "பத்து வருஷத்துக்கு அப்புறம் இந்த நோயால போனவங்க இவ்ளோதான் பெரியப்பா, மீதி எல்லாம் வேற கணக்கு" என்று காட்டினேன். அவர் எட்டையும் விரல் வைத்து எண்ணினார். "இந்த எட்டுல நான் இல்லைன்னு யாரு சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. யாரும் சொல்ல முடியாது. தொண்ணூற்றிரண்டு என்பது கூட்டத்தைப் பற்றிய உண்மை. தனி ஆளுக்கு அது ஒரு நம்பிக்கை, உத்தரவாதச் சீட்டு அல்ல. "சொல்ல முடியாதுதான். ஆனா எட்டை நம்பிக் கொல்லைய வித்துட்டா, தொண்ணூத்தி ரெண்டுல வந்து நின்னா எதை உழுவீங்க?" என்றேன். தரகரைத் திருப்பி அனுப்பினார். தங்கச்சி அந்த வருஷம் கல்லூரிப் படிப்பை முடித்தாள். கல்யாணம் 2021-இல், அவள் இஷ்டப்பட்ட நேரத்தில்.

ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞருக்கு 1982-இல் வயிற்றில் ஓர் அபூர்வப் புற்று. பாதி பேர் எட்டு மாதத்துக்குள் இறக்கிறார்கள் என்று நூலகத்தில் படித்தார். ஆள் புள்ளியியல் தெரிந்தவர். பாதி பேர் எட்டு மாதத்துக்குள் என்றால் மீதிப் பாதி அதற்கு அப்பால், அந்த அப்பால் பக்கம் எத்தனை தூரம் நீளும், நான் அதில் எங்கே நிற்கக்கூடும் என்று யோசித்தார். 1985-இல் அதை ஒரு கட்டுரையாகவும் எழுதினார். அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். 2002-இல் இறந்தது வேறொரு புற்றுநோயால்.

இப்போது மலைக்கு வருகிறேன். இந்தக் கல்லூரியின் மேல்மாடி ஜன்னலில் கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டேதான் நாமெல்லாம் பாடத்தைக் கோட்டைவிட்டோம். வெள்ளிமலையிலும் அதற்கு அப்பால் உள்ள ஊர்களிலும் இருப்பவர்களுக்கு இந்த நோய் வந்தால் என்ன வழி? 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய விஷயம். 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனதன் பலன்களில் ஒன்று. ஆனால் இந்த மாதிரி அபூர்வ நோய்க்குப் பாண்டிச்சேரி ஜிப்மர், அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. என்றுதான் போக வேண்டியிருக்கிறது. அடையாறு நிலையம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது. அந்தக் காலத்திலேயே கோபால்ட் கதிர்வீச்சு எந்திரம் வைத்த இடம். டாக்டர் சாந்தா அங்கேயே தங்கி, 2021-இல் காலமாகும்வரை உழைத்தார்.

வைத்தியச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். கதிர்வீச்சும் கீமோவும் அதில் அடங்கும். ரயிலில் புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு, சின்னசேலத்தில் ஏறலாம். அகப்படாதது பஸ் செலவும், துணைக்கு வருகிறவரின் கூலியும், அங்கே தங்குகிற இடமும். கடைசி பஸ்ஸை விட்டால் மலையேற முடியாது என்பதால் டாக்டரைப் பார்க்காமலே திரும்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இது கருணை விஷயம் மட்டுமல்ல, கணக்கு விஷயமும்கூட. மெதுவாக வளரும் இந்த வகை பத்து வருஷம் கழித்தும் திரும்பும், எதிர்க் கண்ணில் வரும். ஆகவே ஆயுள் முழுக்கப் பரிசோதனைக்கு வரவேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பெரியப்பா போகவில்லை. அப்புறம் இரண்டு வருஷம் போகவே இல்லை. 2022-இல் போனபோது கோப்பில் "தொடர்பு விட்டவர்" என்று எழுதியிருந்தது. ஆள் குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். கோப்பில் காணாமல் போயிருந்தார். நான் சொன்ன பத்து மோட்டாரில் கழற்றிக் கொடுத்த ஒன்று, அதுதான் அவர். 2023-இல் அந்தக் கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போதும் பேப்பர் படிக்கிறார்.

கப்லான்-மையர் கணக்கில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விலகிப் போனவர்கள், இருப்பவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளர் கேட்டார் என்று கழற்றினால் சரி. மோட்டார் சூடேறுகிறது என்று கழற்றிவிட்டு "விலகியது" என்று எழுதினால்? கணக்குப் பொய்யாகும். நம் மலைக்காரர்கள் ஏன் விலகினார்கள்? நன்றாக இருப்பதால் வரவில்லையா, வீட்டில் இறந்துபோனதால் வரவில்லையா? கோப்பைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. சென்னையில் 1980-களின் தொடக்கத்திலிருந்தே புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. திண்டுக்கல் அம்பிளிக்கைப் பதிவேடு கிராமங்களுக்கானது. 2012 முதல் தமிழ்நாடு முழுக்கப் பதிவேடு விரிந்தது. யாருக்கு நோய் வந்தது என்பது இப்போது ஓரளவு தெரிகிறது. வந்தவர் பிறகு என்ன ஆனார் என்பதற்கு யாராவது வீடு தேடிப் போக வேண்டும், அல்லது ஒரு போன் போட வேண்டும்.

அதைத்தான் கேட்க வந்தேன். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மலைக்கு முகாம் போகும்போது மரம் நடுகிறார்கள், சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள், நல்லது. கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். எந்தப் புற்றுநோய்க்காக இருந்தாலும் சரி, வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர் யார், அடுத்துப் போக வேண்டிய தேதி எது. அவர் சம்மதத்தோடு எழுதி, தேதிக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு போன். போக்குவரத்துக்கு இல்லை என்றால் நம் சங்கத்து நிதியிலிருந்து இருவர் பஸ் கட்டணம். ஐம்பது பேருக்கு ஒரு வருஷத்துக்கு ஆகும் தொகை, நேற்றைய மேடைப் பந்தல் செலவைவிடக் குறைவு. பொருளாளர் அண்ணன் முறைக்கிறார், பரவாயில்லை. மாணவர்கள் வைத்தியம் சொல்லக் கூடாது, மருந்து கொடுக்கக் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் ஒரு கண் மட்டும் சிவந்திருந்தாலோ, முன்தள்ளியிருந்தாலோ, இமைக்குள் கொய்யா நிறம் தெரிந்தாலோ கண் டாக்டரிடம் போகச் சொன்னால் போதும்.

மதியம் மூன்று மணிக்குச் செயற்குழுவில் இது ஐந்தாவது பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது. முதல் வருஷ போன் செலவு என்னுடையது. மலையூர்களில் சொந்தபந்தம் உள்ள மாணவர்கள் யாராக இருந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு மின்னியல் துறை வராந்தாவில் என்னைப் பார்க்கவும். நோட்டுப் புத்தகத்தை வாங்கியே வந்திருக்கிறேன்.